நூறு பட்டர் பீன்ஸ்: நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் செல் வகையைப் படித்துக்கொள்வது எப்படி

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு பேராவது மஞ்சப்பையோடு வருவார்கள். பைக்குள் ஸ்கேன் பிலிம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் இருக்கும். அதற்கு நடுவே நான்காக மடித்துவைத்த பயாப்ஸி ரிப்போர்ட். நான் 31 வருஷம் ஹிஸ்டோபதாலஜி லேப்பில் டெக்னீஷியனாக இருந்தவள். உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப் அடியில் வைத்துக் கொடுப்பது என் வேலை. பார்த்து முடிவு எழுதுவது டாக்டர். ஆனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை எல்லாம் தெருக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள்.

போன ஐப்பசியில் கீழ்த்தெருத் தம்பி ஒருவர் வந்தார். அவருடைய அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நாற்பது வருஷ பீடி.

“அக்கா, அப்பாவுக்கு நுரையீரல்ல கேன்சர்னு சொல்லிட்டாங்க. இதுல ஸ்குவாமஸ்னு போட்டிருக்கு. நூத்துல எத்தனை பேருக்கு இது வரும்? அபூர்வமானதா?”

இந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். பலருக்கு வருவது என்றால் வைத்தியம் தெரிந்திருக்கும், அபூர்வம் என்றால் யாரிடம் போவது என்ற கவலைதான் அதற்குள் இருக்கிறது. அன்றைக்கு நான் முறத்தில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். சரி, உட்காருங்க தம்பி என்று சொல்லி, எண்ணி 100 விதையை எடுத்து வைத்தேன். அன்று அவருக்குச் சொன்னதை, கொஞ்சம் கூட்டிக் குறைத்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாளைப் படிக்க வேண்டிய வரிசை

எல்லோரும் கடைசி வரிக்குத்தான் ஓடுவார்கள். அதற்கு முன் தலைப்பைப் பாருங்கள். பெயர், வயது, லேப் எண். ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவது நம் ஊரில் அதிசயமில்லை. லேப் எண்ணைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு எதற்கெடுத்தாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

அடுத்து, துண்டு எங்கிருந்து எடுத்தது என்ற வரி. வலது நுரையீரலா இடதா, மேல் மடலா கீழ் மடலா, மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்ததா, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி போட்டு எடுத்ததா என்று அதில் இருக்கும். இந்த வரியைச் சாதாரணமாக எண்ணவேண்டாம், பிறகு திரும்பி வருகிறேன். அதன் கீழே துண்டின் அளவு இருக்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு மூன்று நூல் துணுக்கு, அவ்வளவுதான். இவ்வளவு சின்ன துணுக்கை வைத்துக்கொண்டுதான் மொத்த வைத்தியமும் முடிவாகிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை விவரிக்கும் நீளமான பத்தியை விட்டுவிடுங்கள். அது டாக்டருக்கு டாக்டர் பேசுவது. நேரே ‘இம்ப்ரெஷன்’ அல்லது ‘டயக்னோசிஸ்’ என்று போட்ட இடத்துக்கு வாருங்கள். அங்கே பெரும்பாலும் நான்கு பெயர்களில் ஒன்று இருக்கும்: அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, ஸ்மால் செல் கார்சினோமா, அல்லது மொட்டையாக ‘நான் ஸ்மால் செல் கார்சினோமா’. கடைசியாகச் சொன்னதன் பின்னால் என்.ஓ.எஸ். என்று மூன்றெழுத்து ஒட்டியிருந்தால், ஸ்மால் செல் இல்லை என்று தெரிகிறது, அதற்குமேல் பிரித்துச் சொல்ல இந்தத் துணுக்கு போதவில்லை என்று அர்த்தம். ‘ஃபேவர் அடினோகார்சினோமா’ என்று இருந்தால் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை என்று பொருள். இதைப் பார்த்துவிட்டு “டாக்டருக்கே தெரியலையாம்” என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதும் டாக்டர்தான் நல்ல டாக்டர்.

ஸ்கேனையோ எக்ஸ்ரேயையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு “இது எந்த வகை அக்கா?” என்று கேட்பதில் பயனில்லை. என் அப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960-ல் தொடங்கிய கம்பெனி, நாட்டுக்கே எக்ஸ்ரே பிலிம் செய்து அனுப்பியது. இருட்டறையில் பாதி வாழ்க்கையைக் கழித்த மனுஷர். “நிழல் எங்க விழுதுன்னு பிலிம் சொல்லும்மா, யாரோட நிழல்னு சொல்லாது” என்பார். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, பரவியிருக்கிறதா என்பது ஸ்கேன் வேலை. அது எந்த செல் என்பது ஸ்லைடு வேலை.

முறத்தில் 100 விதை

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 25 லட்சம் பேருக்குப் புதிதாக வந்த நோய் இது. அந்தக் கடலிலிருந்து ஒரு கை அள்ளியது போலத்தான் இந்த 100.

முதல் கோடு 15 விதைக்குப் பக்கத்தில் விழும். அந்தப் பதினைந்து பேர் ஸ்மால் செல், தமிழில் சிறுசெல். சில ஊர்க் கணக்கில் பத்துக்குக் கிட்டவும் வரும். மீதி 85 பேரும் ‘நான் ஸ்மால் செல்’, அதாவது சிறுசெல் அல்லாதவை. வைத்தியத்தில் மிகப் பெரிய பிரிவு இந்தக் கோடுதான்.

அந்த 85-க்குள் 40 விதையை ஒரு பக்கம் தள்ளுங்கள். அது அடினோகார்சினோமா. 25 முதல் 30 வரை இன்னொரு பக்கம், அது ஸ்குவாமஸ். மிச்சமிருக்கும் பதினைந்து இருபதில் என்.ஓ.எஸ்., பெருஞ்செல், அடினோவும் ஸ்குவாமஸும் கலந்த அடினோஸ்குவாமஸ், சார்கோமடாய்டு என்ற அரிய வகை, கார்சினாய்டு எல்லாம் அடக்கம். கார்சினாய்டு ஒன்றோ இரண்டோ விதைதான் தேறும். அது தனி ரகம், மெதுவாக வளரும். பல நேரம் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.

தம்பி முறத்தைப் பார்த்தார். “அப்போ அப்பாவோடது இரண்டாவது குவியலா?” ஆமாம். நாலில் ஒருவருக்கு வருவது. அபூர்வமில்லை. இதைக் கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

பெருஞ்செல் பற்றி ஒரு வார்த்தை. பழைய புத்தகங்களில் 100-ல் 10 என்று இருக்கும். இன்றைக்கு அவ்வளவு வராது. நோய் குறைந்துவிடவில்லை, பெயர் வைக்கும் முறை மாறிவிட்டது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு வந்தபின், கட்டியை முழுசாக அறுத்தெடுத்துப் பார்த்து, சாயப் பரிசோதனைகள் எல்லாம் செய்தும் எந்தப் பக்கமும் சேராவிட்டால்தான் அந்தப் பெயர். ஊசித் துணுக்கை வைத்துக்கொண்டு பெருஞ்செல் என்று எழுதக் கூடாது. ஆகவே எங்கேயாவது ஒரு சதவீதத்தைப் படித்தால், அது எந்த வருஷத்துக் கணக்கு என்றும் பாருங்கள்.

மூன்று பெரிய குவியல்களும் எப்படி இருக்கும்

அடினோகார்சினோமா என்பது சுரப்பி செல்களின் புற்று. ஸ்லைடில் பார்த்தால் சின்னச் சின்ன வளையங்களாக, நடுவில் ஓட்டையோடு தெரியும். சில சமயம் கோழை சுரந்து நிற்கும். பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் வளரும். அதனால் ஆரம்பத்தில் இருமல்கூட இருக்காது. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கப்போய்த் தெரிவது உண்டு. புகைக்காதவர்களுக்கு நுரையீரல் புற்று வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். புகைத்தவர்களுக்கும் வரும்.

ஸ்குவாமஸ் வகையை விளக்க எனக்கு எப்போதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்தான் ஞாபகம் வரும். தினம் தினம் உரசி உரசி, மெல்லிய தோல் காய்ப்புக் காய்த்துவிடும். மூச்சுக்குழாயின் உள்சுவரும் அப்படித்தான். மெல்லிய மயிரிழைகளோடு இருக்கவேண்டிய சுவர், வருஷக்கணக்காகப் புகை பட்டுப் பட்டு, தோல்மாதிரி தட்டையான செல்களாக மாறிக்கொள்ளும். அந்த மாறிய செல்கள் கட்டுப்பாடு இழந்தால் ஸ்குவாமஸ் கார்சினோமா. நாங்கள் ஏற்றும் இயோசின் சாயத்தில் அது வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல, இளஞ்சிவப்புச் சுழிகளாகத் தெரியும். பெரிய மூச்சுக்குழாய்களுக்குப் பக்கத்தில், நெஞ்சின் நடுப்பகுதியில் வருவது அதிகம். சளியில் ரத்தம், அடிக்கடி ஒரே இடத்தில் நிமோனியா என்று சீக்கிரம் தொந்தரவு காட்டும்.

சிறுசெல். இதில்தான் ஏமாறுகிறார்கள். உறவுக்காரர் ஒருவர் போனில், “சின்ன செல்தானாம்மா, பயப்பட ஒண்ணுமில்லையாம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். சின்னது என்பது மைக்ராஸ்கோப்பில் அந்த செல்லின் அளவு. நோயின் அளவு இல்லை. எங்கள் லேப்பின் பழைய ரெஜிஸ்டர்களில் ‘ஓட் செல்’ என்று எழுதியிருக்கும், ஓட்ஸ் தானியம்போல இருப்பதால் அந்தப் பெயர். எல்லா வகையிலும் வேகமாக வளர்வது இதுதான். கண்டுபிடிக்கும்போதே மூன்றில் இரண்டு பேருக்கு நெஞ்சின் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் அறுவை சிகிச்சை அநேகமாகக் கிடையாது. கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் முதலில் நன்றாகக் கரையும், திரும்பி வருவதும் அதிகம். வந்தவர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள். ஆகவே ரிப்போர்ட்டில் ஸ்மால் செல் என்று பார்த்தால் ஒரே ஒரு விஷயம்: நாள் கடத்தாதீர்கள். ‘தை பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்துப் போகலாம்’ என்பது இதற்கு ஒத்துவராது.

எந்த 100 பேர் என்று கேளுங்கள்

நூற்றில் இத்தனை என்று யாராவது சொன்னால், யாரை எண்ணினீர்கள் என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் முறத்தை மட்டும் காட்டி அனுப்பினால் நான் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன்.

தம்பிக்கு அதே விதைகளை மறுபடி குவித்துக் காட்டினேன். இப்போது 100 பேரும் பீடி, சிகரெட் தொட்டே பார்க்காத பெண்கள் என்று வையுங்கள். அடினோ குவியல் பாதியைத் தாண்டி மேலே போய்விடும், சிறுசெல் நாலைந்துகூடத் தேறாமல் சுருங்கும். மாற்றி, 100 பேரும் நாற்பது வருஷம் பீடி குடித்த ஆண்கள் என்று வையுங்கள். ஸ்குவாமஸும் சிறுசெல்லும் வீங்கும். “பீடி இலைதானே, சிகரெட்டா குடிச்சார்?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பீடியில் பில்டர் இல்லை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். சிகரெட்டை விட அது சாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

காலமும் குவியலை மாற்றும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பெரியவர்கள் எல்லாம் நுரையீரல் என்றாலே ஸ்குவாமஸ் என்பார்கள். பிறகு மெதுவாக அடினோ முன்னால் வந்தது. மேலைநாடுகளில் இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டது, நம் நாட்டில் தாமதமாக வந்தது. பில்டர் சிகரெட் வந்தபின் புகையை ஆழமாக இழுப்பதால் அது ஓரம்வரை போகிறது என்று ஒரு காரணம் சொல்வார்கள். ஓரத்தில் இருக்கும் கட்டியை ஸ்கேனில் பார்த்து ஊசி விட முடிந்ததும், முன்னால் பிரித்துச் சொல்ல முடியாததை இப்போது பிரித்துச் சொல்ல முடிவதும்கூட எண்ணிக்கையை மாற்றியிருக்கும்.

துண்டு எடுத்த விதத்தைக் கவனியுங்கள் என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அது இதற்காகத்தான். மூச்சுக்குழாய் வழியாகவே அதிகம் எடுக்கும் மருத்துவமனைக்கு நடுப்பகுதிக் கட்டிகளே அதிகம் வரும். அங்கே ஸ்குவாமஸும் சிறுசெல்லும் கூடுதலாகத் தெரியும். அறுவை சிகிச்சை நிறையச் செய்யும் இடத்தில் அடினோவும் கார்சினாய்டும் கூடும். அறுவைக்கு அனுப்பாததால் சிறுசெல் அங்கே காணவே காணாது. இரண்டு இடத்திலும் பொய்யில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் 100 வேறு, ஒரு மாவட்டத்தின் 100 வேறு.

என் அண்ணியின் கதையைச் சொன்னால் இது புரியும். கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட் லயத்தில் முப்பது வருஷம் இருந்தவர். புகையிலையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஈர விறகு, மூடிய ஜன்னல், குளிருக்குக் கதவும் சாத்தியிருக்கும். சமையல்கட்டில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. நிலக்கரி அடுப்புப் புகை நுரையீரல் புற்றுக்கு உறுதியான காரணி, விறகுப் புகை அநேகமாகக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அண்ணிக்கு வந்தது அதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஒருவருக்கு வந்ததை இதனால்தான் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இருமல் வந்தது, இளைத்தார். எக்ஸ்ரேயில் நிழல். ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் ஆறு மாதம் ஓடியது. “இவங்க பீடி குடிக்கிறவங்களா என்ன, கேன்சரா இருக்காது” என்று சொன்னது டாக்டர் மட்டுமில்லை. லேப்பில் உட்கார்ந்திருந்த நானும்தான்.

கடைசியில் நெஞ்சில் நீர் கோத்தது. அந்த நீரைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலை மெழுகில் பதித்து நானே சீவினேன். அடினோகார்சினோமா. உலக அளவில் நுரையீரல் புற்று வந்தவர்களில் பத்துக்கு ஒருவர் முதல் நாலுக்கு ஒருவர் வரை புகைக்காதவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரை நான் அந்த 100-க்குள் வைத்துப் பார்க்கவே இல்லை. ஆகவே காசநோய் மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டும் நிழல் குறையாமல், சளியிலும் கிருமி தெரியாமல் இருந்தால், “துண்டு எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தாள்

சில நாள் கழித்து இன்னொரு தாள் வரும். ஐ.எச்.சி. என்று தலைப்பு, அது ஒரு விசேஷச் சாயப் பரிசோதனை. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள், பக்கத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ். இதைப் பார்த்துத்தான் ஜனங்கள் அதிகம் மிரள்கிறார்கள். “ஏழு பாசிட்டிவ் வந்திருக்கு அக்கா” என்று அழுதுகொண்டே ஒரு அம்மா வந்தார். பாசிட்டிவ் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. சாயம் பிடித்தது என்று மட்டும்தான் அர்த்தம். எந்தச் சாயம் பிடிக்கிறது என்பதை வைத்து செல்லின் குலம் கோத்திரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டி.டி.எஃப்-1, நாப்சின் ஏ பிடித்து பி40 பிடிக்காவிட்டால் அடினோ. பி40, சி.கே 5/6 பிடித்தால் ஸ்குவாமஸ். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சி.டி 56 பிடித்தால் நரம்புச் சுரப்பி வகை, சிறுசெல்லும் கார்சினாய்டும் அந்தக் குடும்பம். ஒரு எச்சரிக்கை: டி.டி.எஃப்-1 சிறுசெல்லிலும் பிடிக்கும். அதை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அடினோ என்று முடிவு கட்டாதீர்கள். கே.ஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும், அது எத்தனை செல் பெருகும் வேலையில் இருக்கிறது என்ற கணக்கு. சிறுசெல்லில் அது மிக அதிகமாக இருக்கும், கார்சினாய்டில் மிகக் குறைவு.

இன்னொன்றும் இந்தத் தாளில் தெரியும். நுரையீரலில் இருக்கும் கட்டி எல்லாம் நுரையீரலில் பிறந்தது இல்லை. மார்பகத்திலிருந்தும் குடலிலிருந்தும் வந்து அங்கே குடியேறுவது உண்டு. அவற்றை நம் முறத்தில் சேர்க்கக் கூடாது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இதை ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். எல்லாமே கேன்சர்தானே, பெயர் எதற்கு? பதில் மருந்துக்கடையில் இருக்கிறது. பெமெட்ரெக்செட் என்ற மருந்து அடினோவுக்குக் கேட்கும், ஸ்குவாமஸுக்குக் கேட்காது. பெவாசிசுமாப் என்று ஒன்று, அடினோவில் கொடுப்பார்கள். ஸ்குவாமஸில் கொடுத்தால் நுரையீரலில் ரத்தம் கொட்டும் ஆபத்து. ஆக, ஒரே உறுப்பு, ஒரே நோய், பெயர் மாறினால் மருந்தே விஷம்.

அடினோ என்றால் இன்னொரு கதவும் உண்டு, ஜீன் பரிசோதனை. ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் மாத்திரையாலேயே கட்டுப்படுத்தலாம் என்பது 2004-ல் தெரியவந்தது. மேலைநாட்டு அடினோ நோயாளிகளில் 100-க்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். நம் நாட்டில் அது 25 முதல் 35 வரை போகும். ஏ.எல்.கே என்று இன்னொன்று, 100-க்கு ஐந்து பேர் போல. ஆகவே ரிப்போர்ட்டில் அடினோ என்று வந்தால், “ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியாச்சா?” என்பது நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி. ஸ்குவாமஸில் இந்த மாற்றம் அபூர்வம். ஆனால் நோயாளி புகைக்காதவராகவோ சின்ன வயசுக்காரராகவோ இருந்தால் அங்கேயும் கேட்கலாம். பி.டி.-எல்1 என்று ஒரு பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி மருந்து ஒத்துவருமா என்பதற்கு. அது இரண்டு வகைக்கும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் இதில் எதெது அடங்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பணம் கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

அண்ணிக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருந்தது. தினம் ஒரு மாத்திரை. மூன்று தீபாவளி பார்த்தார், மூன்றாவதற்கு அவரே உட்கார்ந்து முறுக்கு பிழிந்தார்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணிடம், ஆறுதலாக இருக்கட்டும் என்று, “அடினோதாம்மா, கொஞ்சம் பரவாயில்லாத வகை” என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கணவருக்கு ஏற்கெனவே எலும்பிலும் கல்லீரலிலும் பரவியிருந்தது, ஸ்கேனை நான் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நாலு மாதத்தில் அவர் இல்லை. செல் வகை வேறு, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கட்டம் வேறு. ஓரத்தில் சின்னதாக இருக்கும் ஸ்குவாமஸை அறுத்து எடுத்துவிடலாம், பரவிப்போன அடினோவை எடுக்க முடியாது. எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு முறத்தில் பதில் இல்லை. அதற்குப் பிறகு பயாப்ஸி தாளை மட்டும் நீட்டினால் நான் ‘பரவாயில்லை’ என்ற சொல்லையே எடுப்பதில்லை.

துண்டும் பிளாக்கும் மலையிறங்கும் விதம்

இது யாரும் சொல்லித்தராத பகுதி, எனக்கு மிகவும் தெரிந்த பகுதியும்கூட.

மலைமேல் துண்டு எடுத்து, கீழே கோயம்புத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பும்போது சில இடங்களில் டப்பாவை வீட்டார் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். “ஃபார்மலின்லதானே இருக்கு?” உப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால், பர்லியார் தாண்டுவதற்குள் கெட்டுப்போகாவிட்டாலும் மறுநாள் காலையில் செல் கலைந்துபோயிருக்கும். 10 சதவீத ஃபார்மலினில்தான் இருக்கவேண்டும். “எத்தனை மணிக்குப் போட்டீங்க?” என்பது இரண்டாவது. 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 48 மணி நேரத்துக்கு மிஞ்சாமலும் ஊறினால் ஜீன் பரிசோதனைக்கு நல்லது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு, மூடிய கவுண்டரில் திங்கள்வரை காத்திருந்த கதை எனக்குப் பல தெரியும். டப்பா உடம்பின் மேலேயே பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கவேண்டும், மூடியில் இல்லை. மூடி மாறிவிடும்.

எலும்பில் பரவிய இடத்திலிருந்து துண்டு எடுத்தால், ஜீன் பரிசோதனை வேண்டியிருக்கும் என்பதை லேப்பில் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். எலும்பை மெதுவாக்க நாங்கள் அமிலத்தில் போடுவோம். வலுவான அமிலம் ஜீனைத் தின்றுவிடும். தெரிந்தால் வேறு வழி பார்ப்போம்.

பிளாக் என்பது உங்கள் துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி, தீப்பெட்டியைவிடச் சின்னது. நாங்கள் அதிலிருந்து 4 மைக்ரான் கனத்தில் சீவுகிறோம், ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல். அதனால் பிளாக்கில் திசு தீர்ந்துபோகும். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால், பழைய துண்டிலேயே இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டுமென்றால், மறுபடி ஊசி குத்தாமல் இந்த பிளாக்கைத்தான் கேட்பார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் லேப்பில் தருவார்கள். ஸ்லைடையும் சேர்த்து வாங்குங்கள். ஸ்லைடு கண்ணாடி, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் துணியில் சுற்றுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் பை உருளும். பிளாக்கை காரின் முன்கண்ணாடி அருகே வைக்கவே வைக்காதீர்கள். குன்னூர்க் குளிரில் கல் மாதிரி இருக்கும், மேட்டுப்பாளையம் வெயிலில் அந்த இடம் அடுப்பு. மெழுகு 56 டிகிரிக்கு மேல் உருகிவிடும். மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

வாங்கும்போது ரசீதில் எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் லேப்பிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு குடும்பம் பிளாக்கைப் பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. ஒன்றரை வருஷம் கழித்து மாத்திரை ஒன்றுக்காக ஜீன் பரிசோதனை கேட்டார்கள், மறுபடி ஊசி போடவேண்டியிருந்தது, அந்த அம்மாவுக்கு அப்போது குப்புறப் படுக்கவே முடியவில்லை. லேப் அலமாரி குளிர்ச்சியாக, எண் வரிசையில் இருக்கும். அங்கேயே இருக்கட்டும். தம்பியிடமும் இதைத்தான் கடைசியாகச் சொன்னேன், அவர் போனை எடுத்து அப்பாவின் லேப் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார்.